9,000 ரூபாய் கிட்டாருக்கு 12,000 ரூபாய் பிக்கப்பா?

பெரம்பூரில் அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடை இருந்த அதே இடத்தில்தான் இப்போது என் கிட்டார் பட்டறை இருக்கிறது. ஈயம் வைக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. கிட்டாரின் கழுத்தான நெக்கைக் கண்ணால் நீவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தெரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர். அவருக்கு ரயில்வேயில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார். இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களில் சிலர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையா மேடம்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். சரி, அது வேறு கதை. விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டாரில் எந்தப் பாகத்தை மாற்றலாம், எதை விட்டுவிடலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே.

கேள்வி: அக்கா, ஆன்லைனில் 9,000 ரூபாய்க்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் கிட்டார் ஒன்று வாங்கினேன். தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம் வருகிறது. டியூனரில் ஆறு கம்பியும் சரியாகக் காட்டினாலும், ஓப்பன் கார்டு பிடித்தால் அபஸ்வரமாக இருக்கிறது. 12,000 ரூபாயில் ஒரு பிக்கப் செட் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடலாமா? — கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் தம்பி, பணம் பர்ஸிலேயே இருக்கட்டும். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். மேலே கம்பி எப்படி அதிர்கிறதோ அதை ஒலியைப் பெருக்குகிற ஆம்புக்கு அனுப்பும். அபஸ்வரத்தைக் கொடுத்தால் 12,000 ரூபாய் பிக்கப் அதே அபஸ்வரத்தை இன்னும் தெளிவாக அனுப்பும்.

ஒரு சோதனை செய்யுங்கள். நெக்கில் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட். கம்பியை 2-ஆவது, 3-ஆவது ஃபிரெட்டுகளுக்கு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேலே கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தலைமுடி நுழைகிற இடம் இருந்தால் போதும். அந்த இடத்தில் விரலால் தட்டினால் 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். உங்கள் கிட்டாரில் ஏ.டி.எம். கார்டே நுழையும் என்று பந்தயம் கட்டுகிறேன். நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற சின்னப் பட்டைதான் நட். விலை குறைந்த கிட்டார்களில் அதை உயரமாகவே விட்டுவிடுவார்கள். கூடுதலாக அராவிவிட்டால் கம்பி ஃபிரெட்டில் மோதி 'ஜிர்' என்று அடிக்கும், கிட்டார் திரும்பி வரும். உயரமாக இருந்தால், வாங்கியவர் தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொள்வார். நட் உயரமானால் முதல் மூன்று ஃபிரெட்டில் கம்பியை அதிகம் அழுத்த வேண்டியிருக்கும். அழுத்துகிற அழுத்தில் சுருதி ஏறிவிடும். உங்கள் அபஸ்வரம் அங்கேதான் இருக்கிறது.

பழைய பிளாஸ்டிக் நட்டின் இரண்டு ஓரத்திலும் பிளேடால் கீறிவிட்டு, சின்ன மரத்துண்டை வைத்துத் தட்டினால் அது வந்துவிடும். அந்த இடத்தில் நான் எலும்பு நட் வைப்பேன். துண்டு 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உப்புத்தாளில் தேய்க்கும்போது பல் டாக்டர் கிளினிக்கில் வருகிற அதே வாசனை வரும். என் பையன் அந்த நேரத்தில் பட்டறைப் பக்கமே வரமாட்டான். கம்பி உட்காருகிற காடி வெட்டுவதுதான் நிஜமான வேலை. ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனி அரம் வேண்டும். காடி, ஃபிரெட் பக்கம் மேடாகவும் கம்பியை முறுக்குகிற கீ பக்கம் சரிவாகவும் இறங்க வேண்டும். சரிவு தலைகீழானால் கம்பி காடிக்குள்ளேயே அதிர்ந்து வீணை மாதிரி ரீங்கரிக்கும். வீணைக்கு அது அழகு, கிட்டாருக்கு அது நோய். கொஞ்சம் அதிகமாக அராவிவிட்டாலும் பயப்பட வேண்டாம். சமையல் சோடாவைக் காடியில் நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் கல் மாதிரி இறுகிவிடும். திரும்ப அராவலாம்.

நட் முடிந்ததும் புதுக் கம்பி, 9-42 செட் (எண்கள் மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அப்புறம் நெக். முதல் ஃபிரெட்டையும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், 7-ஆவது ஃபிரெட் மேலே ஒரு விசிட்டிங் கார்டு அளவு, அதாவது கால் மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கிவிட்டு, திரும்பப் பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று சுற்றுகிறவர்கள் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள். கம்பியின் மறுமுனையைத் தாங்குகிற சேடில்களை இறக்கி, 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்தில் அழுத்தாமல் தொட்டு எழுப்புகிற ஹார்மோனிக்கும் ஒன்றாகும்வரை சேடிலை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி இருந்தால் சேடில் பின்னால் போக வேண்டும்.

பிக்கப்பைத் தொடத்தான் வேண்டும் என்றால் அதன் உயரத்தைத் தொடுங்கள். கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, தடித்த கம்பிப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக் கேளுங்கள். ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும், செலவே இல்லை. இவ்வளவையும் என் பட்டறையில் 1,500 ரூபாய்க்குச் செய்கிறேன், கம்பி விலை தனி.

ஒரு மாதம் வாசித்த பிறகும் தகரம் தகரமாகவே இருந்தால், முதலில் நண்பரின் பெரிய ஆம்பில் செருகிப் பாருங்கள். நாலு அங்குல ஸ்பீக்கரில் எந்தக் கிட்டாரும் தகரம்தான். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் பிக்கப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுப்பாகச் செங்கல் மாதிரி ஒரு காந்தம் ஒட்டியிருந்தால் அது செராமிக், மேலே தெரிகிற ஆறு புள்ளியும் வெறும் இரும்பு. ஆல்நிகோ வகையில் அந்த ஆறு புள்ளியுமே காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்ததால் அந்தப் பெயர். அதன் ஒலி கொஞ்சம் மிருதுவாக இருக்கும். செராமிக் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம், எத்தனையோ நல்ல பிக்கப்களில் இருப்பது அதுதான்.

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். கிட்டார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இப்போது 'லாக்கிங் கீ' வேண்டும், 4,000 ரூபாய் என்கிறான். இல்லாவிட்டால் சுருதி நிற்காதாம். உண்மையா, என்னை ஏமாற்றுகிறானா? — ஒரு தாய், சேலம்

பதில்: ஏமாற்றவில்லை அம்மா. அவனை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். சுருதி இறங்கினால் எல்லோரும் முதலில் கீயைத்தான் சந்தேகப்படுவார்கள், கையில் தட்டுப்படுவது அதுதானே. கீ என்பது உள்ளே ஒரு புழுத்திருகும் பல்சக்கரமும். கம்பி இழுக்கிற இழுப்புக்கு அது தானாகப் பின்னால் சுற்றுவது அபூர்வம். 14-க்கு 1, 18-க்கு 1 என்று அட்டையில் போட்டிருப்பது எவ்வளவு நுணுக்கமாகத் திருகலாம் என்பதற்கான கணக்கு, சுருதி நிற்பதற்கான உத்தரவாதம் இல்லை.

அவனைக் கூப்பிட்டு உங்கள் எதிரில் மூன்றாவது கம்பியை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். ஏறாமல் ஏறாமல் இருந்து திடீரென்று 'டிங்' என்று தாவினால், கம்பி நட்டில் சிக்குகிறது. காடியில் பென்சில் முனையை நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள், கரி வழுக்கிவிடும். இரண்டாவது, கீயின் தண்டில் கம்பி எத்தனை சுற்று இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு, மூன்று சுற்று மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்க வேண்டும். பையன்கள் கட்டுவது பெரும்பாலும் கொடிக்கயிறு கட்டுகிற லட்சணத்தில் இருக்கும். மூன்றாவது, புதுக் கம்பி போட்டதும் ஒவ்வொன்றையும் கையால் மேலே இழுத்து இழுத்துத் தளர்த்தித் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு கீ மட்டும் கடகடவென்று ஆடினால், எழுதுங்கள்.

கம்பியைப் பூட்டிப் பிடிக்கிற லாக்கிங் கீயில் ஒரு சௌகரியம் உண்டு, கம்பி மாற்றுவது இரண்டு நிமிட வேலை. பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பரிசாக வைத்துக்கொள்ளுங்களேன்.

கேள்வி: ஸ்ட்ராட் மாடல் கிட்டாருக்குப் புது பிரிட்ஜ் (சேடில்கள் உட்காரும் உலோகப் பாகம்) வரவழைத்தேன். ஆறு ஸ்க்ரூவில் ஒன்றுகூட ஓட்டையில் பொருந்தவில்லை. அடிக்கட்டை பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். — மில் ஊழியர், கோவை

பதில்: ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954-இல் கொண்டுவந்தது அமெரிக்காவில், அங்குலக் கணக்கில். விலை குறைந்த நகல்கள் பலவும் மில்லிமீட்டர் கணக்கில் வருகின்றன. உங்கள் தலைவலி அந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கிறது. முதல் ஸ்க்ரூவின் மையத்திலிருந்து ஆறாவது ஸ்க்ரூவின் மையம் வரை அளந்து பாருங்கள். பழைய அமெரிக்க அளவென்றால் 56 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நகல்களில் பெரும்பாலும் 52.5, சிலவற்றில் 54. கிட்டாரின் தடிமனும் அப்படித்தான். வழக்கமாக 44, 45 மில்லிமீட்டர் இருக்கும், மலிவு மாடல் சிலவற்றில் 40-தான். அதில் முழு உயரக் கட்டையை மாட்டினால் முதுகில் நீட்டத்தான் செய்யும்.

புது ஓட்டை போடாதீர்கள். பழைய பிரிட்ஜையே மாட்டுங்கள். ஸ்க்ரூ ஓட்டைகள் தளர்ந்திருந்தால் பல் குச்சியில் ஃபெவிகால் தடவிச் செருகி, காய்ந்ததும் வெட்டிவிட்டுத் திரும்ப ஸ்க்ரூ ஏற்றுங்கள்.

ஆனால் கோவையில் இருந்துகொண்டு நீங்கள் எதற்குக் கட்டையை ஆன்லைனில் தேட வேண்டும்? மலிவு பிரிட்ஜில் மட்டமான பாகம் மேலே இருக்கிற தகடு இல்லை, அடியில் தொங்குகிற அந்தத் துத்தநாக வார்ப்புக் கட்டைதான். அதைக் கழற்றி ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, இதே அளவில் இரும்பில் கடைந்து கொடுங்கள் என்று சொல்லுங்கள். கம்பிக்கு ஆறு ஓட்டை, தகட்டோடு சேர்க்க மூன்று ஸ்க்ரூ மரை, பிரிட்ஜை ஆட்டுகிற கைப்பிடிக்கு ஒரு மரை. கைப்பிடியின் மரை எம்5-ஆ எம்6-ஆ என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கிட்டாரை அளந்து செய்கிற கட்டை முதுகில் நீட்டாது. கம்பி ஒலிக்கிற நேரம் கூடும், குறிப்பாக மெல்லிய கம்பிகளில்.

இது கிறுக்கு வேலை என்று யாராவது சொன்னால் பிரையன் மே கதையைச் சொல்லுங்கள். குவீன் இசைக்குழுவின் அந்தக் கிட்டார் கலைஞர் 1963-இல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்ய ஆரம்பித்தார். நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், பிரிட்ஜுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்ப்ரிங், கைப்பிடியின் நுனிக்கு ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியின் முனை. அதைத்தான் வாழ்நாள் முழுக்க மேடையில் வாசித்திருக்கிறார்.

கேள்வி: ஆம்பைப் போட்டதுமே 'ம்ம்ம்' என்று உறுமுகிறது. கம்பியில் கை வைத்தால் குறைகிறது. சில நேரம் மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. கிட்டாருக்குள் செம்புத்தாள் ஒட்டினால் சரியாகுமா? — துறைமுக ஊழியர், தூத்துக்குடி

பதில்: கடைசி வரியை முதலில் பார்க்கிறேன். உதட்டில் ஷாக் அடிப்பது கிட்டாரின் கோளாறு இல்லை, உயிர் போகிற விஷயம். இன்றைக்கே ஆம்பைச் செருகுவதை நிறுத்துங்கள். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை யாராவது வெட்டிவிட்டார்களா, இரண்டு முள் அடாப்டரில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். அது சரியாகும்வரை மற்றதைப் பேசுவதில் அர்த்தமில்லை.

எர்த் சரியானதும் உறுமலுக்கு வரலாம். கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றால் உள் ஒயரிங்கில் கிரவுண்டு சரியாகத்தான் இருக்கிறது. தொட்டும் மாறவில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால், முதுகு மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்ப்ரிங் மாட்டியிருக்கும் நகம் போன்ற தகட்டில் ஈயம் வைத்த ஒயர் ஒன்று கழன்று தொங்கும். மலிவு கிட்டார்களில் இது தினசரிக் கதை. தகட்டை அரத்தால் சுரண்டிவிட்டு ஈயம் வைத்தால்தான் பிடிக்கும்.

செம்புத்தாள் ஒட்டுவது நல்ல வேலைதான், ஓர் இரவில் முடித்துவிடலாம். தாளைக் கிரவுண்டு ஒயரோடு சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காத தாள் வெறும் அலங்காரம். மல்ட்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு துண்டும் தொடர்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிக்னல் முனை தாளில் உரசவும் கூடாது. 'சர்ர்' என்கிற இரைச்சல் நன்றாகக் குறையும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் முழுசாகப் போகாது, ஏனென்றால் ஒற்றைக் காயில், அதாவது ஒரே கம்பிச் சுருள், உள்ள பிக்கப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் சேர்த்தே கேட்கிறது. கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955-இல் இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் செய்ததே அதற்காகத்தான். எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற உங்கள் ஐந்து வழி ஸ்விட்சை 2-ஆவது, 4-ஆவது இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுப் பிக்கப் எதிர்ப்புறமாகச் சுற்றப்பட்டிருந்தால் அங்கே உறுமல் அடங்கும். காசில்லாத ஹம்பக்கர்.

உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இன்னொன்று. வாசித்து முடித்ததும் துணியால் கம்பியைத் துடைத்துவிட்டுப் பைக்குள் வையுங்கள்.

கேள்வி: வீணை கற்றவள். இப்போது எலெக்ட்ரிக் கிட்டாரில் கமகம் வாசிக்கப் பழகுகிறேன். ஒரு கம்பியை இழுத்தால் மற்ற கம்பிகள் சுருதி இறங்கிவிடுகின்றன. கிட்டாரையே மாற்ற வேண்டுமா? — ஆசிரியை, மதுரை

பதில்: வேண்டாம் மேடம். உங்கள் கிட்டாரில் ஆடுகிற பிரிட்ஜ் இருக்கிறது. ஒரு கம்பியை இழுக்கும்போது பிரிட்ஜ் முன்பக்கம் சாய்கிறது, மற்ற ஐந்தும் தளர்கின்றன. முதுகு மூடியைத் திறந்து ஸ்ப்ரிங் மூன்றுதான் இருந்தால் ஐந்தாக்கி, நகத்தின் இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்குங்கள். பிரிட்ஜ் உடம்போடு படிந்து உட்காரும். கட்டைக்கு இரண்டு பக்கமும் சரியான தடிமனில் ஒரு மரத்துண்டு செருகிவிட்டால் அசையவே அசையாது. கைப்பிடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள், உங்களுக்கு அது தேவையில்லை.

வீணையில் மெழுகில் பதித்த உயரமான மெட்டு, கிட்டாரில் தாழ்ந்த ஃபிரெட். விரல் அந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லியிருக்கும். 9 செட் கம்பி போட்டு ஒரு ஸ்வரம் கீழே சுருதி வைத்தால் இழுக்க லேசாக இருக்கும். பின்னால் எப்போதாவது ஃபிரெட் மாற்ற நேர்ந்தால் ஜம்போ என்கிற உயரமான வகையைக் கேளுங்கள். சுகுமார் பிரசாத்தும் கிட்டார் பிரசன்னாவும் கர்நாடக சங்கீதத்தை இந்த வாத்தியத்தில் வாசித்துக் காட்டியவர்கள். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எட்டுக் கம்பி மாண்டலினை விட்டு ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு வந்தார். வாத்தியத்தை நமக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

கேள்வி: வால்யூமைக் குறைத்தால் ஒலி மந்தமாகிவிடுகிறது. — திண்டுக்கல்

பதில்: வால்யூம் கன்ட்ரோலின் உள்ளே வருகிற முனைக்கும் வெளியே போகிற முனைக்கும் நடுவில் 1,000 பிகோஃபாரட் கெப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாக வைத்து ஈயம் வையுங்கள். ரிச்சி தெருவில் இரண்டும் சேர்ந்து ஒரு டீ விலை கூட ஆகாது. கன்ட்ரோலையே மாற்றுவதாக இருந்தால் ஒற்றைக் காயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே. அமெரிக்க வகையின் கழுத்து பெரிதாக இருக்கும், பிளேட்டின் ஓட்டையை அகலப்படுத்த வேண்டி வரும்.

கேள்வி: வால்யூம் ஏற்றினால் பிக்கப் கீச்சிடுகிறது. மெழுகில் முக்கினால் நிற்கும் என்கிறார்கள். — புதுச்சேரி

பதில்: நிற்கும். காயிலின் சுற்றுகள் தளர்வாக இருந்து தாமாகவே அதிர்வதால் வருகிற கீச் அது. மெழுகு உள்ளே போய் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். எடி வேன் ஹேலனும் தன் பிக்கப்பைப் பாரஃபின் மெழுகில் முக்கியவர்தான். ஆனால் அடுப்பில் நேராக வைக்காதீர்கள். ஆரம்ப காலத்தில் அம்மாவின் பால் பாத்திரத்தில் மெழுகை உருக்கி, வாடிக்கையாளர் பிக்கப் ஒன்றை உள்ளே விட்டேன். குமிழி வருவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதே பிளாஸ்டிக் சட்டம் அப்பளம் மாதிரி நெளிந்தது. அவருக்குப் புதுப் பிக்கப்பும் அம்மாவுக்குப் புதுப் பாத்திரமும் வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர் இருக்கிற பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், அதில் மெழுகு, தெர்மாமீட்டரில் 60-இலிருந்து 65 டிகிரி. அதைத் தாண்டவே கூடாது.

கேள்வி: முத்துச்சிப்பி டிசைனில் பிக்கார்டு (கிட்டாரின் முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு) மாற்றினால் ஒலி நன்றாகுமா? — வேலூர்

பதில்: ஆகாது. ஆனாலும் மாற்றுங்கள். அழகாக இருக்கிற கிட்டாரை அடிக்கடி கையில் எடுப்போம்.

கேள்வி: இதுவரை கீ, நட், பிக்கப் எல்லாம் மாற்றி 14,000 ரூபாய் செலவழித்துவிட்டேன். விற்றால் போட்ட காசு வருமா? — ஓசூர்

பதில்: வராது சார். வாங்குகிறவர் கிட்டாரின் தலையில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் விலை சொல்வார், உள்ளே இருக்கிறதைப் பார்த்து இல்லை. விற்பதானால் கீயையும் பிக்கப்பையும் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டி விற்றுவிடுங்கள். அவை அடுத்த கிட்டாருக்கு வரும், அளவு பொருந்தினால். நட்டை மட்டும் அதிலேயே விட்டுவிடுங்கள், அது அந்த நெக்குக்கென்று அராவியது. பழைய பாகங்களை ஸ்க்ரூ உட்படப் பையில் போட்டு எழுதி வைத்திருக்கிறீர்கள்தானே? இல்லையென்றால் சிரமம்தான். என் பட்டறையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஜனங்கள் விட்டுப்போன பழைய கீ இருக்கிறது. நேற்று எண்ணினேன், 31. ஒரே மாதிரி ஆறு சேரவில்லை.